விரிப்பின் மறுமுனை

அந்தச் சலவைக்கூடத்தில் அண்ணிக்கு அண்ணி என்பதுதான் பெயர். நாத்தனார் ஒருத்தி கூடவே வேலை பார்த்துக்கொண்டு வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில், கூடம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. நரைத்த மீசைக் கொதிகலன்காரரிலிருந்து சூப்பர்வைசரம்மா வரை எல்லாருக்கும் அவள் அண்ணிதான். "கல்யாணத்தப்போ எனக்குத் தம்பி ஒருத்தன்கூட இல்ல, இப்பப் பாரு, உனக்கு எத்தனை கொழுந்தனுங்க" என்று அவள் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். நாத்தனாருக்கும் கூடத்தில் ஒரு பெயர் உண்டு. பட்டாசு. ஏன் அந்தப் பெயர் என்று கேட்பவர்கள் அவளோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளைகளுக்கு இடையே விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புவது அங்கே வேலை. பெரிய விரிப்புகளை மடிக்க மெஷின் கிடையாது. இரண்டு பெண்கள் வேண்டும். உருளையிலிருந்து சுடச்சுட வரும் விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, கைகளை அகல விரித்துத் தோளுக்கு மேலே தூக்கி, ஒரே நேரத்தில் உதறி இழுக்க வேண்டும். படார் என்று சத்தம் வரும். சுருக்கமெல்லாம் அந்த ஒரு சத்தத்தில் போய்விட வேண்டும். பிறகு எதிரெதிரே நடந்து வந்து, ஒருத்தி தன் முனைகளை மற்றவளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவாள். நாளெல்லாம் இதுதான். பார்ப்பவர்களுக்கு ஏதோ நடனம் மாதிரி இருக்கும். செய்பவர்களுக்கு மாலையில் இடுப்பு கழன்றுவிடும்.

அண்ணியும் பட்டாசும் ஒரு ஜோடி. அவர்கள் விரிப்புச் சத்தம் மற்ற ஜோடிகளுடையதைவிடக் கூர்மையாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே அவர்கள்தான் என்று சொல்லிவிடலாம். இது அண்ணி பழக்கிவிட்டது. பட்டாசு புருஷனை விட்டுவிட்டு ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்த நாட்களில், அண்ணிதான் அவளை எழுப்பிக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "உக்காந்து அழறதுக்கு இங்க இடமில்ல. நின்னுக்கிட்டு அழு. அந்த முனையைப் புடி" என்றாள். பட்டாசு அழுதுகொண்டே பிடித்தாள். கொஞ்ச நாளில் அழுகை நின்று பேச்சு ஆரம்பித்தது. அது இன்றுவரை நிற்கவில்லை.

அப்படிப்பட்ட அண்ணியின் வலது தோளுக்குத்தான் வலி வந்தது. பெரிய விபத்து ஒன்றும் இல்லை. ஒரு காலையில் சமையலறை மேல்தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினாள். உள்ளே சுருக்கென்றது. தூங்கின வாகு சரியில்லை என்று விட்டுவிட்டாள். ஊசி மாதிரி நுழைந்தது, மழைக்காலம் தொடங்குவதற்குள் உலக்கையாகிவிட்டது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. தலை வாரக் கை போகவில்லை. முதுகுப் பக்கம் மாட்ட வேண்டிய உள்ளாடைக் கொக்கியை எத்தனை முறை முயன்றும் மாட்ட முடியாமல், ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நின்று அழுதாள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்தத் தோள்வலி அந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

வீட்டில் அவளைத் தவிர மூன்று பேர். குழாய் ரிப்பேர் வேலை பார்க்கும் வீட்டுக்காரர், கல்லூரிக்குப் போகும் மகள், பட்டாசு. மூன்று பேரும் நல்லவர்கள். இந்தக் கதையில் சங்கடமே அதுதான்.

வீட்டுக்காரர் சமையலறை மேல்தட்டுப் பலகையைக் கழற்றி, இடுப்பு உயரத்தில் மாட்டிவிட்டார். சர்க்கரை, உப்பு, டீத்தூள் எல்லாம் கீழே இறங்கி வந்தன. தன் பழைய சட்டை ஒன்றைக் கிழித்து, கழுத்திலிருந்து தொங்குகிற மாதிரி தூளி கட்டி, அதில் அவள் கையைக் கிடத்தினார். மகள் தினமும் காலையில் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். கொக்கி விஷயம் எப்படியோ பட்டாசுக்குத் தெரிந்துபோய், ஒன்றும் கேட்காமல் வந்து மாட்டிவிட்டுப் போனாள். வாளி தூக்குவது, துணி பிழிவது, சோறு வடிப்பது என்று ஒவ்வொன்றாக அவள் கையைவிட்டுப் போயின. தாங்கு தாங்கு என்று தாங்கினார்கள். வீடு முழுவதும் தைல வாசனை அடித்தது.

"துருப்புடிச்ச வால்வை முரட்டுத்தனமாத் திருகினா என்னாகும் தெரியுமா?" என்பார் வீட்டுக்காரர். "தண்டு ஒடிஞ்சு கையோட வந்துடும். அசைக்காத. அது பாட்டுக்குக் கிடக்கட்டும். தானா சரியாகும்."

"நான் என்ன குழாயா?"

"குழாய்க்கு மட்டும் வலிக்காதா? ராத்திரியெல்லாம் முனகுறதை நான்தானே கேக்கறேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வரும். சிரித்தாலும் தோள் வலிக்கும்.

கூடத்தில் தூளி போட்டுக்கொண்டு நிற்க முடியாது. அங்கே பட்டாசு பார்த்துக்கொண்டாள். எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சத்தம் மட்டும் காட்டிக்கொடுத்தது. படார் என்பது பொத் என்று ஆகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது.

மழை வலுத்த ஒரு நாள் சூப்பர்வைசரம்மா வந்து பக்கத்தில் நின்றாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லாருக்கும் வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, உங்க விரிப்பு சத்தம் போட்டு நாளாச்சு."

"கை கொஞ்சம் சரியில்லீங்க. சரியாயிடும்."

"நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். நேத்து ஓட்டல்லேர்ந்து திருப்பி அனுப்பிச்சிருக்காங்க, சுருக்கம்னு. மழைக்காலம் முடியட்டும். அதுக்கப்புறமும் இப்படின்னா உங்களைக் கீழ காலுறை ரூமுக்கு மாத்திடறேன். உக்காந்து பாக்கற வேலை. உங்களுக்கும் நல்லதுதானே?"

நல்லதுக்குத்தான் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் காலுறை ரூமைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. ஓட்டல் விருந்தாளிகளின் துணியில் துணை தொலைத்த காலுறைகளைக் குவித்துப் போட்டு, எதற்கு எது ஜோடி என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். அங்கே போனவர்கள் யாரும் மேலே திரும்பி வந்ததில்லை.

"ஜோடியைப் பிரிச்சுட்டு ஜோடி தேடற வேலை குடுக்கறாங்க பாரு" என்றாள் அண்ணி, வீட்டுக்குத் திரும்பும்போது. ஒரே குடைக்குள் இரண்டு பேரும் நடந்தார்கள். குடையைப் பட்டாசுதான் பிடித்திருந்தாள்.

"அதெல்லாம் நடக்காது அண்ணி. நீங்க சும்மா கையை வெச்சுக்கிட்டு நில்லுங்க, போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நான் இருக்கற வரைக்கும்."

அண்ணிக்குப் பயமாக இருந்தது. வலிக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. அந்த இடத்தில் தனக்குப் பதிலாக வேறொருத்தி நின்று பட்டாசுக்கு எதிரே கையை விரிப்பதை நினைத்துத்தான் பயந்தாள்.

மறுநாள் அவளாகவே டாக்டரிடம் போனாள். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணுமில்ல. மூட்டைச் சுத்தி ஒரு உறை இருக்கு, அது இறுகிப்போச்சு. மாத்திரை வலியைக் குறைக்கும், கையைத் தூக்கிக் குடுக்காது. பிசியோகிட்ட போங்க" என்று அனுப்பினார்.

பிசியோதெரபி நிலையம் என்பது ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஏறுகிற படி செங்குத்தாக இருந்தது. முட்டி வலிக்காரர்கள் இதில் எப்படி ஏறுவார்கள் என்று நினைத்துக்கொண்டே ஏறினாள். உள்ளே உயரமான கட்டில், உத்தரத்திலிருந்து தொங்கும் கயிறும் கப்பியும், வெந்நீரில் கிடக்கும் ஒத்தடப் பைகள். பிசியோக்காரம்மாவுக்கு அண்ணி வயதுதான் இருக்கும். அகலமான தோள், கரகரத்த குரல். தொடுவதற்கு முன்னால் டீ கிளாஸை இரண்டு உள்ளங்கையிலும் வைத்து உருட்டிச் சூடாக்கிக்கொண்டாள்.

"எப்படி வலிக்குது?"

எங்கே வலிக்கிறது என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

"எப்படின்னா?"

"குத்துதா, இழுக்குதா, சும்மா கிடந்து முனகுதா?"

அண்ணி யோசித்தாள். "தூக்கினா குத்துது. தூக்காம வெச்சிருந்தா முனகுது."

"அப்பத் தூக்கறதே மேல். ரெண்டுலயும் வலி உண்டு. ஒண்ணுல கையாவது மிஞ்சும்." அவள் தூளியைக் கழற்றித் துணியைத் தடவிப் பார்த்தாள். "நல்ல துணி. தரை தொடைக்க வெச்சுக்குங்க."

ஒத்தடம் கொடுத்தபின் கையைப் பிடித்து மெதுவாக மேலே கொண்டுபோனாள். ஓரிடத்தில் அது நின்றுவிட்டது. அண்ணி பல்லைக் கடித்தாள். பிசியோக்காரம்மா அவசரப்படாமல் அங்கேயே கையைத் தாங்கிக்கொண்டு, நேற்று தன் வீட்டில் பால் பொங்கி அடுப்பு நனைந்த கதையைச் சொன்னாள். கதை முடிவதற்குள் கை இன்னும் கொஞ்சம் போயிருந்தது.

வீட்டில் செய்ய மூன்று பயிற்சிகள் கொடுத்தாள். மேஜையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைக் கிணற்றில் விட்ட வாளி மாதிரி தொங்கவிட்டு ஆட்டுவது. ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் கெட்ட கையை மேலே தூக்கிவிடுவது. சுவரில் விரல்களை நண்டு மாதிரி மேலே மேலே நடக்க விடுவது.

"வலிச்சா?"

"பண்ணும்போது கொஞ்சம் வலிக்கலாம். நிறுத்தினதும் அடங்கணும். மறுநாள் காலையிலயும் ஏறியே இருந்தா, கூடிப்போச்சுன்னு அர்த்தம். குறைச்சுக்குங்க. அடங்கிடுச்சுன்னா, அது பாட்டுக்குக் கத்தட்டும், நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"எப்ப சரியாகும்?"

"மாசக்கணக்கா ஆகும். பொய் சொல்லி வரவழைக்க மாட்டேன்."

அண்ணிக்கு அவளைப் பிடித்துப்போனது.

சமையலறை நிலைக்கட்டையில் மகளின் உயரத்தை வருஷா வருஷம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்துச் சுவரில்தான் அண்ணியின் விரல்கள் ஏறின. ஏறி நின்ற இடத்தில் மகள் கோடு போட்டாள். முதல் கோடு, அவள் பள்ளிக்கூடமே போகாத வயதில் இருந்த உயரத்துக்கு வந்தது.

"அம்மா, நீ இன்னும் அரைக்கால் சட்டை போட்டுட்டிருக்க."

"இரு, வளர்ந்து வந்து உன் காதைத் திருகறேன்."

வீட்டுக்காரர் இதையெல்லாம் முன்னறை நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் "ஸ்ஸ்" என்றால் அவர் முகம் சுருங்கும். "போதும் விடு" என்பார். "ஒடிஞ்சுதுன்னா ஸ்பேர் கிடைக்காது" என்பார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். கோடுகள் நகர்ந்தன. ஒரு நாள் காலையில் விழித்தபோதுதான், வலது பக்கம் ஒருக்களித்தே தூங்கியிருக்கிறோம் என்று அண்ணிக்குத் தெரிந்தது. எழுந்திருக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தாள்.

ஆனால் கூடத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சுவரில் ஏறுகிற கை, விரிப்பைப் பிடித்தால் மார்போடு நின்றுவிடும். மழையோ குறைந்துகொண்டு வந்தது. சூப்பர்வைசரம்மா ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பது அண்ணிக்குத் தன்னைப் பார்ப்பது மாதிரியே இருந்தது.

பிசியோக்காரம்மாவுக்கும் அது புரியவில்லை. "நான் தூக்கினா முழுக்கப் போகுது. அப்ப உறை விட்டுக்குடுத்துடுச்சு. நீங்களாத் தூக்கினா பாதியில நிக்குது. சதை தூங்குது. நாள் முழுக்க மடிக்கற வேலைன்னு சொல்றீங்க, அது எப்படித் தூங்கும்? எனக்குக் காட்டுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு முட்டி வலிக்காரரிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பட்டாசைக் கூப்பிட்டார்கள். கட்டிலில் இருந்த விரிப்பை உருவிக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் வழக்கம்போல் எதிரெதிரே நின்று பிடித்து, உதறி, நடந்து வந்து மடித்தார்கள்.

"இன்னொரு தரம்" என்றாள் பிசியோக்காரம்மா. இந்த முறை அவள் அண்ணியைப் பார்க்கவில்லை. பட்டாசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளிடமிருந்து முனைகளை வாங்கித் தான் பிடித்துக்கொண்டாள். "இப்ப என்னோட மடிங்க."

அண்ணி பிடித்தாள். பிசியோக்காரம்மா நேராக நின்று கையைத் தூக்கினாள். அண்ணியின் பக்கம் விரிப்பு தொய்ந்து தரையில் விழுந்தது. மறுபடி முயன்றாள். வலது முனை விரலிலிருந்து நழுவியது. மூன்றாவது தடவை முயலாமல் விரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இவங்க என்ன பண்றாங்க தெரியுமா?" பிசியோக்காரம்மா பட்டாசின் இடத்தில் நின்று காட்டினாள். முட்டியை மடக்கி, இடுப்பை வளைத்து, உயரத்தைக் குறைத்துக்கொண்டாள். அண்ணி இழுக்கும் நேரத்தில் தன் பக்கம் தளர விட்டாள். மடிக்கும்போது அண்ணி நடக்க வேண்டிய தூரத்தையும் தானே நடந்து வந்து முனையை வாங்கிக்கொண்டாள். "உங்க கை தூக்க வேண்டியதே இல்ல. இவங்களே கீழ இறங்கி வந்துடறாங்க. இழுக்க வேண்டியதும் இல்ல. எதிர்ல பிடிமானமே இல்லியே, அப்புறம் சதைக்கு என்ன வேலை?"

"நான் அப்படியா பண்றேன்?" என்றாள் பட்டாசு. அண்ணியின் பங்கையும் சேர்த்துச் செய்கிறோம் என்று தெரியும், இவ்வளவு கீழே இறங்குகிறோம் என்று அவளுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை.

"பண்றீங்க. எத்தனை மாசமா உங்களுக்கு இடுப்பு வலி?"

பட்டாசு இடுப்பிலிருந்த கையைச் சட்டென்று எடுத்தாள். அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். வாய் ஓயாத பட்டாசு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

படியிறங்கியதும் பட்டாசு குடையை அண்ணியிடம் திணித்துவிட்டுத் தூறலில் முன்னால் நடந்தாள். பஸ் நிறுத்தத்தில்தான் அண்ணியால் அவளைப் பிடிக்க முடிந்தது.

"எதுக்கு இந்தக் கோவம்?"

"கோவம் இல்ல அண்ணி. உங்க கையை முடக்கினதே நான்தான்னு சொல்லிட்டாங்க. நல்லது பண்றோம்னு நெனச்சேன். ராத்திரி இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். சரி, அண்ணிக்காகத்தானேன்னு படுத்துப்பேன். கடைசியில பாத்தா…"

"வலி வந்தது உன்னால இல்லடி. நீ தாங்கின, நான் தாங்க விட்டேன். எனக்கும் அது சொகமா இருந்துச்சே."

"நான் ஒரு பையோட வந்து நின்னப்ப நீங்க என்னைத் தாங்கலையா? அதை நான் எப்படித் திருப்பிச் செய்வேன்?"

பஸ் ஒன்று வந்தது. இரண்டு பேரும் ஏறவில்லை. அண்ணி அவள் தலையைத் தன் துவாலையால் துடைத்துவிட்டாள். இடது கையால்தான்.

"நான் உன்னை எங்கடி தாங்கினேன்? நல்லா யோசிச்சுப் பாரு. உன் கையில ஒரு முனையைக் குடுத்து இழுன்னேன். நீ அழுதுக்கிட்டே இருந்த, நான் விடாம இழுத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு தரம் விரிப்போட சேந்து நீயும் விழுந்த. பாவம்னு ஒரு நாள்கூட நான் தளர விட்டதில்ல."

பட்டாசு மூக்கை உறிஞ்சினாள். "விழுந்தது மூணு தரம்."

"அதே மாதிரி என்னை இழு. இனிமே எனக்காக நீ குனிஞ்சேன்னா, உங்க அண்ணன்கிட்டச் சொல்லி உன்னை வேற வீட்டுக்குப் பேக் பண்ணிடுவேன்."

பட்டாசு சிரித்துவிட்டாள். அடுத்த பஸ் வரும்வரை அழவும் செய்தாள்.

அன்று மாலை அண்ணி வீட்டில் ஒரு பஞ்சாயத்து வைத்தாள். அவித்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் தட்டில் இருந்தன. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்: "இன்னியிலேர்ந்து என்னைக் கொஞ்சம் கொடுமைப்படுத்துங்க."

"என்னது?" என்றார் வீட்டுக்காரர்.

"தலையை நானே வாரிக்கறேன். கோணலா இருந்தா யாரும் பாக்க வேண்டாம். அந்தப் பலகையைப் பழைய இடத்துல மாட்டுங்க. ஒரேயடியா வேணாம், வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க."

"கையில வலியை வெச்சுக்கிட்டு…"

"வலி அடங்குது. கை அடங்க மாட்டேன்னு இப்பத்தான் எழுந்திருக்குது. உங்க வால்வுக் கதையை எடுக்காதீங்க."

வீட்டுக்காரர் பிய்த்த ரொட்டியைத் திரும்பத் தட்டில் வைத்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வால்வுக் கதையில ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். வீடு வீடாப் போய் நான்தான் சொல்றேன், அப்பப்ப வால்வைத் தொறந்து மூடுங்கம்மா, தொடாமலே விட்டா இறுகிப்போயிடும்னு. உன் விஷயத்துல எனக்கு அது தோணவே இல்ல. நீ முனகினா எனக்குப் புத்தி வேலை செய்யறதில்ல." எழுந்து போய் ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்தார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

வீடு கொடுமைக்குப் பழகச் சில நாட்கள் ஆயின. மகளின் கை சீப்புக்குப் போய்ப் போய்த் திரும்பியது. கொக்கி மாட்டும் நேரத்தில் பட்டாசு கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "முடியுதா? முடியலையா? நான் வரலை, சும்மாதான் கேக்கறேன்" என்று கத்துவாள். பலகை ஒவ்வொரு துளையாக மேலே ஏறியது. கூடத்தில் அண்ணியே சூப்பர்வைசரம்மாவிடம் கேட்டு, முதலில் ஒற்றைக் கட்டில் விரிப்புகளாக வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் அவசரப்படக் கூடாது என்பது பிசியோக்காரம்மாவின் கட்டளை. பட்டாசுக்கும் அவள் பயிற்சி கொடுத்திருந்தாள். மாலையில் வீட்டு நடைவழியில் இரண்டு பேரும் அவரவர் பயிற்சியை முடித்துவிட்டு, வீட்டு விரிப்பை எடுத்து மடித்துப் பழகுவார்கள். "குனியாதடி! நிமிரு!" என்று அண்ணி அதட்டுவாள். ஒரு மாலை நிலைக்கட்டைப் பக்கத்துக் கோடு மகளின் இந்த வருஷத்து உயரத்தைத் தாண்டியது. அண்ணி சொன்னபடியே அவள் காதைத் திருகினாள்.

வலி முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பலமாக இழுத்த நாட்களில் மாலையில் முனகும். ஒத்தடம் வைத்தால் அடங்கும். அதன் குணம் அண்ணிக்குப் பிடிபட்டுவிட்டது. முன்பு மாதிரி அதைக் கண்டு அவள் பயப்படவில்லை.

மழைக்காலம் முடிந்தது. வெயில் பளிச்சென்று அடித்த முதல் நாளில் சூப்பர்வைசரம்மா உருளைக்குப் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இன்னிக்குப் பெரிய விரிப்பு எடுங்க அண்ணி. பாக்கலாம்."

மற்ற ஜோடிகளும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கொதிகலன்காரர் கதவோரம் வந்து நின்றார். விரிப்பு ஆவி பறக்க வெளியே வந்தது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்துப் பின்னால் போனார்கள். அண்ணி மூச்சை இழுத்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினாள். மார்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, வலது கை இடது கையின் உயரத்துக்கே போய் நின்றது.

எதிரே பட்டாசு அண்ணியின் வலது கையையே பார்த்தாள். சூப்பர்வைசரம்மா பார்க்கிறாள், அண்ணிக்கு வலித்துவிட்டால், கை கீழே விழுந்துவிட்டால், காலுறை ரூம். அவ்வளவுதான் அவள் நினைத்தது. தன்னை அறியாமல் முட்டி மடங்கியது. பிடி தளர்ந்தது.

அண்ணி உதறி இழுத்தாள்.

விரிப்பு பட்டாசின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்தது. காற்றில் ஒருமுறை உப்பி, அண்ணியின் தலைமேல் விழுந்து, அவளை மூடிக்கொண்டு தரையில் புரண்டது. பட்டாசு வெறும் கையை நீட்டியபடியே நின்றாள்.

விரிப்புக்குள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது. "இறுக்கிப் புடிடின்னு சொன்னேனா இல்லியா?"

முதலில் கொதிகலன்காரர்தான் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. சூப்பர்வைசரம்மா சிரிக்கவில்லை. குனிந்து விரிப்பை எடுத்துச் சுருட்டி அழுக்குத் தொட்டியில் போட்டாள். கீழே விழுந்தது மறுபடி சலவைக்குப் போக வேண்டும். "அடுத்ததை எடுங்க" என்றாள்.

அடுத்தது வந்தது. இந்த முறை பட்டாசு கால்களை அகட்டி ஊன்றி, முதுகை நிமிர்த்தி, விரல்களைத் துணியோடு சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். அண்ணியின் கண்ணைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றாக இழுத்தார்கள்.

படார்!

சூப்பர்வைசரம்மா தலையை ஆட்டினாள். "காலுறை ரூமுக்கு வேற ஆளைத்தான் தேடணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து வந்தார்கள். அண்ணி தன் பங்கு தூரத்தை முழுவதும் தானே நடந்து வந்து, முனைகளைப் பட்டாசிடம் கொடுத்தாள். பட்டாசின் கண் நிறைந்திருந்தது.

"வலிச்சுதா அண்ணி?"

"வலிச்சுது. உனக்கு?"

"கையெல்லாம் எரியுது."

"எரியட்டும்" என்றாள் அண்ணி. குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். "அழறதுன்னா நின்னுக்கிட்டே அழு. அந்த முனையைப் புடி."